தண்ணீர்க் கட்டணத்தை விரட்டிய அயர்லாந்துக்காரர்களால் வீட்டுப் பிரச்சினையை ஏன் அசைக்க முடியவில்லை?

2014-ல் அயர்லாந்து அரசு வீட்டுக் குடிநீருக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்தது. மூன்றே வருடத்தில் அந்தக் கட்டணம் ஒழிந்தது, அதுவரை கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தார்கள். தெருத் தெருவாகத் திரண்ட சாதாரண ஜனங்கள் செய்த வேலை அது. அதே வருடங்களில், அதே பேட்டைகளில், பல நேரம் அதே ஆட்கள்தான் வீடில்லாதவர்களுக்காகவும் போராடினார்கள். அப்போது அரசின் அவசர விடுதிகளில் இருந்தவர்கள் சுமார் 3,000 பேர். 2025-ல் அந்தக் கணக்கு 16,000-ஐத் தாண்டியது, அதில் 5,000 பேர் குழந்தைகள். ஒரு போராட்டம் அப்படி ஜெயித்து இன்னொன்று ஏன் இப்படித் தேங்கியது என்று பார்த்தால், அந்த நாடு எப்படி ஓடுகிறது என்பதே ஓரளவு புரிந்துவிடும்.

கதையை எல்லோரும் 2008-ல் ஆரம்பிப்பார்கள். 90களின் நடுவிலிருந்து ‘செல்டிக் புலி’ என்று உலகமே மெச்சிய நாடு. அமெரிக்க கம்பெனிகள் வந்தன, சம்பளம் ஏறியது, வங்கிகள் கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுத்தன, பில்டர்கள் ஊருக்கு வெளியே வயல்வெளிகளில்கூட வரிசை வரிசையாக வீடு கட்டித் தள்ளினார்கள். அப்புறம் எல்லாம் சரிந்தது. 2008 செப்டம்பர் கடைசியில், ஒரே ராத்திரியில், வங்கிகளின் கடனுக்கெல்லாம் நாங்கள் பொறுப்பு என்று அரசு கையெழுத்துப் போட்டது. வங்கிகளைத் தூக்கி நிறுத்த மொத்தம் ஆன செலவு சுமார் 6,400 கோடி யூரோ. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் ஐரோப்பிய மத்திய வங்கியும் ஐ.எம்.எஃப்.பும் 8,500 கோடி யூரோ திட்டத்தோடு வந்து உட்கார்ந்தன. சம்பள வெட்டு, உதவித்தொகை வெட்டு, புது வரிகள் என்று ஆரம்பித்தது. படித்த பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் விமானம் ஏறினார்கள்.

இதில் அதிகம் பேசப்படாத வெட்டு ஒன்று உண்டு. உள்ளாட்சி கவுன்சில்கள் ஏழைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வீடு கட்டி மலிவு வாடகைக்குக் கொடுப்பது அயர்லாந்தின் பழைய வழக்கம். 1970களின் நடுவில் நாட்டில் கட்டப்பட்ட வீடுகளில் மூன்றில் ஒன்று கவுன்சில் வீடு. 2015-ல் நாடு முழுக்க எல்லா கவுன்சில்களும் சேர்ந்து தாங்களே கட்டிய புது வீடுகள் நூறைக்கூடத் தொடவில்லை. பதிலுக்கு 2014-ல் ‘ஹாப்’ என்ற திட்டம் வந்தது. நீங்களே தனியாரிடம் வீடு பாருங்கள், வாடகையில் பெரும் பங்கை அரசு வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் வீட்டை விற்கிறேன் என்று ஒரு நோட்டீஸ் கொடுத்தால் அந்தக் குடும்பம் எங்கே போகும் என்பதற்கு மட்டும் காகிதத்தில் பதில் இல்லை. அயர்லாந்தில் குடும்பங்கள் வீடிழப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த நோட்டீஸ்தான். குடியோ போதையோ இல்லாத, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாக்கள் குழந்தைகளோடு ஹோட்டல் அறையில் மாதக் கணக்கில் வாழ்ந்தது இப்படித்தான்.

இன்னொரு பக்கம், திவாலான பில்டர்களின் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ள 2009-ல் அரசே ‘நாமா’ என்ற நிறுவனத்தை அமைத்தது. கட்டிடமும் மனையும் அடமானமும் மலைபோல் அதன் கையில் குவிந்தன. அவற்றை வீடாக மாற்றுவது அதன் வேலையாக இல்லை. நல்ல விலைக்கு விற்றுக் கணக்கை முடிப்பதுதான் வேலை. பெரும் மூட்டைகளாகக் கட்டி வெளிநாட்டு முதலீட்டு நிதிகளுக்கு விற்றது. ‘கழுகு நிதி’ என்ற சொல் டப்ளின் டீக்கடை வரைக்கும் போனது அந்த நாட்களில்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். 2014 அக்டோபர் 11-ம் தேதி டப்ளினில் தண்ணீர்க் கட்டணத்துக்கு எதிராக நடந்த ஊர்வலத்தில் பல பத்தாயிரம் பேர் வந்தார்கள். ஏற்பாடு செய்தவர்களே அவ்வளவு கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை. நவம்பர் 1-ல் சின்னச் சின்ன ஊர்களிலும் ஊர்வலம். அதைவிட முக்கியம், பேட்டைகளில் நடந்தது: மீட்டர் பொருத்த வேன் வருகிறது என்று தெரிந்ததும் ஓய்வுபெற்றவர்களும் வேலையில்லாத இளைஞர்களும் வீட்டு வாசல் குழாய் மூடியின் மேலேயே போய் நின்றுகொண்டார்கள். இதற்குமுன் அரசியல் கூட்டம் பக்கமே போகாத பெண்கள்தான் பல இடங்களில் தலைமை. ஜோப்ஸ்டவுன் என்ற டப்ளின் புறநகரில் துணைப் பிரதமர் ஜோன் பர்ட்டனின் கார் மணிக்கணக்கில் சூழப்பட்டது. அதற்காக சட்டவிரோதச் சிறைவைப்பு வழக்குப் போட்டார்கள், 2017 ஜூனில் ஜூரி தன் முன் நின்ற ஆறு பேரையும் விடுதலை செய்தது.

ஆனால் கட்டணத்தைக் கொன்றது ஊர்வலம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. முதல் பில் வந்தபோது பாதிக்கும் குறைவான வீடுகளே பணம் கட்டின. அதன் விளைவு கணக்குப் புத்தகத்தில் தெரிந்தது. ஐரிஷ் வாட்டர் என்ற அந்தப் புது நிறுவனத்தைத் தனி வணிக நிறுவனமாகக் காட்டி, அதன் கடனை அரசுக் கணக்கிலிருந்து வெளியே வைப்பதுதான் திட்டமே. 2015 ஜூலையில் ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகம் அதை ஏற்க மறுத்தது. 2016 தேர்தலில், ஆட்சியில் இருந்த ஃபினா கேல் - லேபர் கூட்டணிக்குப் பெரும்பான்மை போக, எதிரணியில் இருந்த ஃபியன்னா ஃபாயில் ஆதரவுக்கு விலையாகக் கட்டணத்தை நிறுத்தச் சொன்னது. கதை முடிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: தண்ணீர் விஷயத்தில் ஜனங்களின் கையில் ஒரு ஆயுதம் இருந்தது. பில்லைக் கட்டாமல் சும்மா இருந்தாலே போதும், குழாயை யாரும் அடைக்க மாட்டார்கள். வீட்டு வாடகையைக் கட்டாமல் இருந்து பாருங்கள், தெருவுக்கு வருவீர்கள். ஏற்கெனவே தெருவில் இருப்பவருக்கு மறுப்பதற்கு எதுவுமே கிடையாது. அதனால் வீட்டுப் போராட்டக்காரர்கள் எடுத்த வழி, காலியாகக் கிடக்கும் கட்டிடத்தில் நுழைந்து உட்காருவது.

இது அவர்கள் கண்டுபிடித்த வழி இல்லை. டப்ளினில் இதற்கு நீண்ட பரம்பரை உண்டு. 1913 செப்டம்பரில், முதலாளிகள் தொழிலாளர்களை வெளியே நிறுத்திய பெரும் கதவடைப்பு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், சர்ச் தெருவில் பழைய அடுக்கு வீடுகள் இடிந்து ஏழு பேர் செத்தார்கள். 1919-ல் முதல் ஐரிஷ் நாடாளுமன்றம் கூடியபோது, எந்தக் குழந்தையும் உணவோ உடையோ கூரையோ இல்லாமல் பசியிலும் குளிரிலும் வாடக்கூடாது என்று தன் ஜனநாயகத் திட்டத்தில் எழுதி வைத்தது. 1963 ஜூனில் பத்து நாள் இடைவெளியில் போல்ட்டன் தெருவிலும் ஃபெனியன் தெருவிலும் மறுபடி வீடுகள் இடிந்து விழுந்தன. முதியவர்கள் இருவரும் சிறுமிகள் இருவரும் பலி. அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாக 60களின் கடைசியில் டப்ளின் வீட்டுவசதிச் செயற்குழு உருவானது. இடதுசாரிகள், குடியரசுவாதிகள், சில பாதிரியார்கள், வாடகைக்காரர்கள் எல்லோரும் கலந்த கூட்டம். காலி வீடுகளில் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். டென்னிஸ் டெனஹி என்பவர் மவுண்ட்ஜாய் சதுக்கத்தில் அப்படித் தங்கியதற்காகச் சிறைக்குப் போய் 1969 ஜனவரியில் உண்ணாவிரதம் இருந்தார். அதே மாதம்தான் அரசு முதல் நாடாளுமன்றத்தின் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. கூரை பற்றிய அந்த வாக்குறுதியை ஓகானல் பாலத்தில் மறியல் செய்தவர்கள் ஞாபகப்படுத்தினார்கள். அரசின் பதில் 1971-ல் வந்தது: பிறர் கட்டிடத்தில் அத்துமீறி நுழைந்து தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1973-ல், நீதிபதி கென்னி தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. நகர விரிவாக்கத்துக்குத் தேவையான நிலத்தை அன்றைய பயன்பாட்டு மதிப்போடு 25 சதவீதம் சேர்த்துக் கொடுத்து கவுன்சில்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றது. மேய்ச்சல் நிலம், குடியிருப்புப் பகுதி என்ற ஒரு முத்திரையில் கோடி ரூபாய் மனையாகும் மாயத்தை நிறுத்தும் யோசனை அது. ஐம்பது வருடமாக எல்லா அரசுகளும் அதைப் பாராட்டிவிட்டு அலமாரியில் வைத்துவிட்டன, தனிச்சொத்து உரிமையைக் காக்கும் அரசியல் சட்டப் பிரிவுகள் இடம் தராது என்பதுதான் வழக்கமான சாக்கு. சாக்கு என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

2014 டிசம்பர் 1-ம் தேதி காலை, நாடாளுமன்றத்துக்குச் சில அடி தூரத்தில் மோல்ஸ்வொர்த் தெருவில் ஒரு வாசற்படியில் தூங்கிய மனிதர் இறந்து கிடந்தார். அமைச்சர் அவசரக் கூட்டம் கூட்டினார், கூடுதல் படுக்கைகள் வந்தன, அதோடு சரி. இரண்டு வருடம் கழித்து, 2016 டிசம்பர் 15 ராத்திரி, டாரா தெரு பக்கம் காலியாகக் கிடந்த அப்பல்லோ ஹவுஸ் என்ற அலுவலகக் கட்டிடத்துக்குள் ‘ஹோம் ஸ்வீட் ஹோம்’ என்ற பெயரில் ஒரு கூட்டணி நுழைந்தது. கட்டிடம் நாமாவின் பிடியில் இருந்தது, அதாவது ஒரு வகையில் பொதுமக்களின் சொத்து. இடத்தை அவர்கள் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

உள்ளே இருந்தவர்கள் கலவையான ஆட்கள். வருடக் கணக்காகத் தெருவில் சூப் கொடுத்துவந்த தொண்டர்கள், ஐரிஷ் ஹவுசிங் நெட்வொர்க் என்ற அடிமட்டக் குழுக்களின் கூட்டமைப்பு, யுனைட் தொழிற்சங்கத்தின் பிரெண்டன் ஓகிள் (தண்ணீர்ப் போராட்டத்திலும் முன்னணியில் இருந்தவர்), பாடகர் கிளென் ஹான்சார்ட், இயக்குநர் ஜிம் ஷெரிடன். எலெக்ட்ரீஷியன்களும் பிளம்பர்களும் சமையல்காரர்களும் சம்பளமில்லாமல் வந்தார்கள். மெத்தைகளும் போர்வைகளும் குவிந்தன. குடிக்கும் போதைக்கும் தடை, 24 மணி நேரமும் ஆள் காவல், ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஓர் இடம். இந்தக் கடைசி விஷயம்தான் பெரிது. அப்போது டப்ளினில் தெருவில் தூங்கியவர் தினமும் இலவச எண்ணுக்கு போன் போட்டு அன்றைய ராத்திரிக்கு மட்டும் ஒரு படுக்கை கேட்க வேண்டியிருந்தது. கிடைத்தாலும் பக்கத்துப் படுக்கையில் யார் என்று தெரியாது, காலையில் ஷூ இருக்குமா என்று தெரியாது, விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டியிருந்தது. விடுதியில் இடமிருந்தும் ஏன் வெளியே படுக்கிறார்கள் என்று டிவியில் கேட்பவர்களுக்கு அப்பல்லோ ஹவுஸ் ஒரு நேரடி விளக்கம் கொடுத்தது.

உயர் நீதிமன்றம் கிறிஸ்துமஸைக் கருத்தில் கொண்டு ஜனவரி 11 நண்பகல் வரை அவகாசம் கொடுத்தது. தீ பாதுகாப்பு இல்லை, காப்பீடு இல்லை என்ற எதிர்த்தரப்பு வாதத்தில் உண்மையில்லாமல் இல்லை. அதற்குள் வீட்டுவசதி அமைச்சர் சைமன் கோவ்னி பேச்சுவார்த்தைக்கு வந்தார், கூடுதல் இடங்கள், விடுதிகளின் தரம் பற்றி வாக்குறுதிகள் கொடுத்தார், அவற்றில் எது நிறைவேறியது எது இல்லை என்று பிறகு இரு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டது தனிக்கதை. 2017 நடுவில் குடும்பங்கள் ஹோட்டலில் இருக்காது என்று அரசு ஏற்கெனவே சொல்லியிருந்த கெடுவும் தவறியது. அப்பல்லோ ஹவுஸை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது பளபளப்பான வளாகம் நிற்கிறது.

கட்டிடத்தைப் பிடிப்பவர்களின் பலவீனம் இதில் வெளிப்படையாகத் தெரிகிறது. எல்லோர் கண்ணும் ஒரே கட்டிடத்தின் மேல் இருக்கும். அரசு அந்தக் கட்டிடத்தில் இருக்கும் நாற்பது பேருக்கு வழி செய்துவிட்டால் செய்தி முடிந்துவிடும், நாற்பதாயிரம் பேருக்கான கோரிக்கை அப்படியே நிற்கும். 2018-ல் ‘டேக் பேக் த சிட்டி’ இளைஞர்கள் கோடையில் சம்மர்ஹில்லிலும், அப்புறம் நார்த் ஃபிரெடரிக் தெருவிலும் காலி வீடுகளைப் பிடித்தார்கள். பிரேசில் மாணவர்களை ஒரே அறையில் அடைத்து வாடகை வாங்கும் வழக்கத்தையும் அவர்கள் பேச்சில் கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 11 மாலை முகமூடி போட்ட தனியார் ஆட்கள் வந்து அவர்களை வெளியேற்ற, முகத்தை மறைத்த போலீஸ் பக்கத்தில் காவல் நின்றது. அந்தப் படம் நாட்டையே உலுக்கியது. நிலச்சுவான்தார்களின் ஆட்கள் குடிசைக் கூரையை இடித்துக் குடும்பங்களை வெளியே தள்ளிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஞாபகம் ஐரிஷ்காரர்கள் ரத்தத்தில் ஊறியது. குத்தகை விவசாயிகளைத் திரட்டிய 1879-ன் நிலச் சங்கத்தைப் பள்ளியில் படிக்காத குழந்தை அங்கே இல்லை. அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் மாணவர்களும் தொண்டு அமைப்புகளும் ‘ரெய்ஸ் த ரூஃப்’ என்று நாடாளுமன்ற வாசலில் கூடினார்கள். ஆனால் ஞாபகம் வேறு, ஓட்டு வேறு.

ஓட்டைப் பார்க்கலாம். 2022 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்கள் சொந்த வீட்டில் இருக்கின்றன. வீட்டு விலை ஏறினால் அவர்களுக்கு நஷ்டமில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களில் கணிசமானவர்கள் தாங்களே வீடு வாடகைக்கு விடுகிறவர்கள். 2022 ஆகஸ்ட்டில் ராபர்ட் டிராய் என்ற இணை அமைச்சர் தன் வாடகைச் சொத்துகளைச் சரியாகப் பதிவு செய்யாததால் பதவி விலகினார். யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. தன் வீட்டின் மதிப்பு சரிவதை விரும்பாத லட்சக்கணக்கான சாதாரண ஆட்கள் போதும். அதனால் கூரை பற்றிய அனுதாபம் அயர்லாந்தில் அகலமானது, ஆழம் குறைவு. தண்ணீர் பில் எல்லா வீட்டுக்கும் வந்தது, வெளியேற்ற நோட்டீஸ் எல்லா வீட்டுக்கும் வருவதில்லை.

எண்ணிக்கை விளையாட்டும் சேர்ந்துகொண்டது. மாதாமாதம் வெளியாகும் கணக்கு அரசு விடுதிகளில் இருப்பவர்களை மட்டும் சொல்கிறது. தெருவில் படுப்பவர், தோழி வீட்டு சோஃபாவில் படுப்பவர், வன்முறைக்குத் தப்பிய பெண்கள் காப்பகத்தில் இருப்பவர், அகதி முகாம்களில் காத்திருப்பவர் யாரும் அதில் இல்லை. 10,000 என்ற எல்லையை நெருங்கிய 2018-ல், வசந்தத்தில் ஆரம்பித்துச் சில மாதங்களில், சில குடும்பங்கள் தவறாகச் சேர்க்கப்பட்டுவிட்டன என்று சொல்லி 1,600-க்கும் அதிகமானவர்களை அமைச்சர் ஓவன் மர்ஃபி கணக்கிலிருந்து எடுத்தார். கணக்கிலிருந்து எடுத்ததால் மட்டும் அவர்களில் யாருக்கும் புது வீடு கிடைத்துவிடவில்லை. 2017 கடைசியில் டப்ளின் பகுதி வீடின்மைப் பிரிவின் தலைவர், வீடிழப்பது பல வருடக் கெட்ட நடத்தையின் விளைவு என்ற தொனியில் பேசினார், தெருவில் சாப்பாடு கொடுக்கும் தன்னார்வலர்கள் நல்லதைவிடக் கெடுதலே செய்கிறார்கள் என்பதுபோலவும் பேசி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தச் சாப்பாட்டு மேசைகளைப் பற்றி எனக்கே இரண்டு மனம். ஓகானல் தெருவில் தபால் தலைமையகத்துக்கு எதிரே ராத்திரி சூப்பும் சான்ட்விச்சும் கொடுப்பவர்களால் ஒரு வீடும் கட்டப்படுவதில்லை. ஆனால் 2019 அக்டோபரில் ஐந்து வயதுப் பையன் தெருவில் அட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்து பாஸ்தா சாப்பிட்ட படத்தை எடுத்துப் போட்டவர்கள் அவர்கள்தான். பெரிய தொண்டு நிறுவனங்களுக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. பீட்டர் மெக்வெர்ரி என்ற இயேசு சபைப் பாதிரியார் அரசை வாய்விட்டுத் திட்டுவதில் பெயர் வாங்கியவர், அவர் தொடங்கிய அறக்கட்டளையோ பெரும்பாலும் அரசுப் பணத்தில் ஓடுவது. 2023-ல் நிதி நெருக்கடி வந்தபோது அரசு 1.5 கோடி யூரோ கொடுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அரசின் கடமையைத் தொண்டு நிறுவனம் ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்தால் கடைசியில் யாரை யார் எதிர்ப்பது?

2020 பிப்ரவரி தேர்தலில் இந்தக் கோபம் முதல் முறையாக ஓட்டாக மாறியது, இடதுசாரி எதிர்க்கட்சியான சின் ஃபெயின் 24.5 சதவீதத்தோடு முதலிடம் வந்தது. பிரசாரம் தொடங்கிய ஜனவரியில், கால்வாய்க் கரையில் கூடாரத்தை இயந்திரத்தால் அகற்றியபோது உள்ளே இருந்தவர் படுகாயமடைந்தார். ஆனால் நூறு வருடப் பகையாளிகளான ஃபினா கேலும் ஃபியன்னா ஃபாயிலும் கைகோத்து ஆட்சி அமைத்துவிட்டன.

அதற்குள் கொரோனா வந்தது. வெளியேற்றத் தடையும் வாடகை உறைவும் சில நாட்களில் சட்டமானது. அதுவரை முடியாது என்று சொன்ன அரசியல் சட்டம் இடம் கொடுத்தது. ஏர்பிஎன்பி வீடுகள் வெறிச்சோடி, சில சாதாரண வாடகைக்கு வந்தன. விடுதிகளில் இருந்தவர்கள் எண்ணிக்கை 10,000-க்கு மேலிருந்து 2021-ல் சுமார் 8,000-க்கு இறங்கியது. சாக்கு என்று நான் முன்னே சொன்னது இதனால்தான். தடைகள் நீங்கியதும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. 2022 குளிர்காலத்துக்குப் போட்ட தடையை 2023 மார்ச் 31-ல் எடுத்தபோது, வீட்டுக்காரர்கள் சந்தையை விட்டு ஓடிவிடுவார்கள் என்பது அரசின் காரணம். ஏப்ரலில் 12,000 தாண்டியது.

பணம் இல்லாத நாடாக இருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஆப்பிளிடமிருந்து 1,300 கோடி யூரோ வரியை வாங்கியே ஆக வேண்டும் என்று அயர்லாந்துக்கு உத்தரவிட்டது, வேண்டாம் வேண்டாம் என்று வழக்காடியது அயர்லாந்து அரசே. அதே வருடம் மே மாதம் அரசு நியமித்த வீட்டுவசதி ஆணையம், நாட்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் வீடு பற்றாக்குறை என்று கணக்கிட்டது. தேர்தல் நேரத்தில் அந்த வருடம் 40,000 வீடு முடியும் என்றார்கள், முடிந்தவை 30,330.

இந்த வெற்றிடத்தில் வேறு ஆட்களும் நுழைந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிற பகுதி. 2022 நவம்பரில் டப்ளினின் ஈஸ்ட் வால் பகுதியில் ஒரு பழைய அலுவலகக் கட்டிடத்தில் அகதிகளைத் தங்க வைத்தபோது மக்கள் ரோட்டை மறித்தார்கள். எங்கள் ஆட்களுக்கே வீடில்லை என்பது கோஷம். தண்ணீர்ப் போராட்டத்தின் அதே பேட்டைப் பாணி, வாட்ஸ்அப் குழுக்கள், ரோட்டு மறியல், குடும்பத்தோடு வருவது எல்லாம் அப்படியே, குறி மட்டும் மாறிவிட்டது. அகதிகள் வருவதாக வதந்தி பரவிய காலிக் கட்டிடங்கள் பல ஊர்களில் எரிந்தன. 2023 நவம்பர் 23 ராத்திரி டப்ளின் மையத்தில் கலவரம். 2025 ஜூலையில் டாலா பகுதியில் புதிதாக வந்த ஓர் இந்தியரைக் கூட்டமாக அடித்து ஆடையைக் கிழித்தார்கள், அதன்பின் இந்தியத் தூதரகம் எச்சரிக்கை விட வேண்டி வந்தது. ஜோப்ஸ்டவுன் இருப்பதும் இதே டாலாவில்தான்.

வாடகைக்காரர்களை உறுப்பினராகச் சேர்க்கும் ‘காட்டு’ (CATU) என்ற சங்கம் 2019-ல் தொடங்கியது. கட்டிடங்களைப் பிடிப்பதைவிட, இந்தத் தெருவில் நோட்டீஸ் வந்த இந்தக் குடும்பம், அந்தக் கவுன்சில் குடியிருப்பில் பூஞ்சை படிந்த அந்தச் சுவர் என்று ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். நோட்டீஸ் செல்லுமா என்று பார்க்கிறார்கள், சந்தா வாங்குகிறார்கள், வெளியேற்ற வருபவர்கள் முன்னால் அண்டை வீட்டாரைத் திரட்டி நிறுத்துகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வாடகைக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஒரே கூட்டத்தில் உட்காருவது அங்கே சாதாரணம். ரொம்ப மெதுவான வேலை. பில்லைக் கட்ட மறுப்பது மாதிரி நாடு தழுவிய ஆயுதம் ஒன்றும் அவர்களிடம் இன்னும் இல்லை. வீட்டுரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை ஒன்று இருக்கிறது, வாக்கெடுப்பு நடத்துவோம் என்று 2020 கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள், வீட்டுவசதி ஆணையமும் அதையே பரிந்துரைத்தது. அந்தக் கூட்டணி தன் பதவிக்காலம் முடியும்வரை அந்த வாக்கெடுப்பை நடத்தவே இல்லை.